வீட்டுச் சோதனையில் போலீஸார் உடைத்ததற்கு யார் பொறுப்பு? தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கான கேள்வி பதில்

விடியுமுன் போலீஸார் வருகிறார்கள். கதவை உடைத்து, அலமாரிகளைக் கவிழ்த்து, கூரைப் பலகைகளைப் பிடுங்கித் தேடுகிறார்கள். எதுவும் கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள். அந்தக் கதவுக்கும் கூரைக்கும் யார் பணம் கொடுப்பது என்று டர்பன் சுற்றுவட்டாரத்தின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மெரபேங்கிலும் வெருலத்திலும் உள்ள குடும்பங்கள் கேட்கின்றன. இங்கே சொல்லப்படுவது தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் பொதுவான விளக்கம். உங்கள் வீட்டில் நடந்ததை ஒரு வழக்கறிஞர் கேட்டறிந்துதான் உறுதியாக எதையும் சொல்ல முடியும்.

போலீஸார் உடைத்த எல்லாவற்றுக்கும் அரசு நஷ்டஈடு தர வேண்டுமா?

வேண்டியதில்லை. பலருக்கு ஏமாற்றம் தரும் பதில் இது என்றாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சோதனை சட்டப்படி நடந்து, பயன்படுத்திய பலமும் தேவையான அளவைத் தாண்டாமல் இருந்தால், உடைந்த கதவின் செலவு வீட்டுக்காரரையே சேரும். சோதனைக்கே சட்ட அனுமதி இல்லாதிருந்தால், அல்லது அனுமதி இருந்தும் தேவைக்கு மிஞ்சி உடைத்திருந்தால், அரசு பொறுப்பேற்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பொருளைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தேடிய பொருளைக் கண்டெடுக்க இதை இந்த அளவுக்கு உடைக்க வேண்டியிருந்ததா? திருடப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டியைத் தேடி வந்தவர்கள் மசாலா டப்பாக்களைத் தரையில் கொட்டியதற்கு எந்த விளக்கமும் இருக்க முடியாது. போதைப்பொருள் பொட்டலத்தைத் தேடி வந்தவர்கள் அதே டப்பாக்களைத் திறந்து பார்த்ததில் தவறு காண்பது கடினம். அப்போதும், திறந்து பார்ப்பது வேறு, சுவரில் எறிவது வேறு.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் வழக்கு நமக்குச் சாதகம்தானே?

அப்படி நம்பித்தான் பலர் வருகிறார்கள். கதவைத் தட்டிய நேரத்தில் போலீஸாரிடம் இருந்த தகவல் நியாயமானதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். பிறகு கிடைத்ததையோ கிடைக்காததையோ வைத்து அது முடிவு செய்யாது. இதன் மறுபக்கம் உங்களுக்கு உதவக்கூடியது. வீட்டில் ஏதோ கிடைத்துவிட்டது என்பதால் சட்டவிரோதமான நுழைவு சட்டபூர்வமாகிவிடாது. தேவையின்றி நொறுக்கப்பட்ட கண்ணாடி மேசைக்கு நியாயமும் வந்துவிடாது.

எவ்வளவு காலத்துக்குள் கேட்க வேண்டும்?

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. அரசு அமைப்புகள் மீது வழக்குத் தொடுப்பதற்கான 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டத்தின்படி, நஷ்டஈடு கேட்கும் உரிமை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். என்ன நடந்தது, உங்களுக்குத் தெரிந்த விவரங்கள் எவை என்பதைச் சுருக்கமாக அதில் எழுத வேண்டும். போலீஸைப் பொறுத்தவரை அந்தக் கடிதம் தேசிய ஆணையருக்கும், சம்பவம் நடந்த மாகாணத்தின் ஆணையருக்கும் போக வேண்டும். அறிவிப்பு சேர்ந்து 30 நாள் கழிந்த பிறகே வழக்கைத் தொடங்கும் சம்மன் அனுப்பலாம்.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, ‘சொல்லியாயிற்று, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஆறு மாதத்தைக் கடத்திய குடும்பங்கள் நிறைய உண்டு. நிலையத்தில் கொடுத்த புகார் இந்த முன்னறிவிப்பு ஆகாது. கெடு தவறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்து, அதனால் அரசுத் தரப்புக்குப் பெரிய பாதிப்பும் இல்லையென்றால், தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கென்று தனி மனு, தனிச் செலவு, தனி வாதம் எல்லாம் தேவைப்படும். ஒரு கடிதத்தை உரிய காலத்தில் அனுப்பிவிட்டால் இவ்வளவும் மிச்சம்.

இதற்கு மேலே 1969ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி மூன்று ஆண்டுக்குள் சம்மன் சேர்க்கப்பட்டாக வேண்டும். அது கடந்தால் மன்னிப்பு மனுவுக்கும் இடமில்லை.

கதவை உடைக்க போலீஸாருக்கு எப்போது அதிகாரம் உண்டு?

1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சட்டப்படி சோதனையிட வந்த அதிகாரி, நுழைவதற்கு எதிர்ப்பு இருந்தால் அதைக் கடக்க நியாயமாகத் தேவைப்படும் பலத்தைப் பயன்படுத்தலாம்; கதவையும் சன்னலையும் உடைப்பது அதில் அடங்கும். அதற்கு முன் உள்ளே இருப்பவர்களின் காதில் விழும்படி கதவைத் திறக்கச் சொல்லியிருக்க வேண்டும். எதற்காக வந்திருக்கிறார் என்பதையும் தெரிவித்திருக்க வேண்டும். இவை இரண்டும் நடந்தும் கதவு திறக்கப்படவில்லை என்றால்தான் உடைக்கும் அதிகாரம் பிறக்கிறது.

விதிவிலக்கு ஒன்றும் உண்டு. முன்கூட்டியே குரல் கொடுத்தால் தேடும் பொருள் அழிக்கப்பட்டுவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், குரல் கொடுக்காமலே உடைக்கலாம். போதைப்பொருள் சோதனைகளில் இந்த விதிவிலக்கைத்தான் போலீஸ் தரப்பு ஒவ்வொரு முறையும் முன்வைக்கிறது. கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டுவிடலாம் என்பது பொட்டலத்துக்குப் பொருந்தும் வாதம். திருட்டு வாஷிங் மெஷினுக்கோ கார் எஞ்சினுக்கோ பொருந்தாது. எனவே எந்தப் பொருளைத் தேடி வந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது உங்கள் வழக்கின் முதல் வேலை.

‘எதிர்ப்பு’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் வெளிக் கேட்டுக்கு ஒரு பூட்டு, திருடர் கம்பிக் கதவுக்கு ஒரு பூட்டு, மரக்கதவுக்கு இரண்டு பூட்டு. நான்கு பூட்டுக்கும் சாவி தேடித் திறக்க வயதான ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். “வருகிறேன், சாவி எடுக்கிறேன்” என்று குரல் கொடுத்த பிறகும் கம்பிக் கதவை அறுத்தார்கள் என்றால், அங்கே எதிர்ப்பே இருக்கவில்லை என்று வாதிட முடியும். நீங்கள் குரல் கொடுத்ததைக் கேட்ட அண்டை வீட்டாரின் வாக்குமூலம் இந்த இடத்தில் விலைமதிப்பற்றது.

வாரண்டில் என்ன பார்க்க வேண்டும்?

எந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது, எந்தக் குற்றம், எந்த வீடு, யார் தேட வேண்டும், என்னென்ன பொருள் தேடப்படுகிறது என்பவை படித்தால் விளங்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். அரசியலமைப்பு நீதிமன்றம் வான் டர் மெர்வ என்ற வழக்கில் 2011இல் இதைத் தெளிவாக வகுத்தது. வாரண்ட் பகலில் நிறைவேற்றப்பட வேண்டும். இரவில் வர வேண்டுமென்றால் அதைக் கொடுத்தவர் எழுத்தில் அனுமதித்திருக்க வேண்டும். நிறைவேற்றிய பிறகு நீங்கள் கேட்டால் நகல் தர வேண்டியது அதிகாரியின் கடமை. கேட்டால்தான் தருவார்கள், ஆகவே கேளுங்கள். பழைய தேதியைப் பார்த்து வாரண்ட் செல்லாது என்று முடிவு செய்துவிட வேண்டாம். நிறைவேற்றப்படும் வரையோ ரத்து செய்யப்படும் வரையோ அது உயிரோடு இருக்கும்.

வாரண்டே இல்லாமல் வந்தால்?

அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு வீட்டைச் சோதனையிலிருந்து காக்கிறது. வாரண்ட் இல்லாத சோதனை அதற்கு விதிவிலக்கு மட்டுமே. நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, அனுமதிக்கும் உரிமை உள்ளவர் சம்மதித்திருக்க வேண்டும். மற்றது, விண்ணப்பித்திருந்தால் வாரண்ட் கிடைத்திருக்கும் என்றும், அதற்காகக் காத்திருந்தால் சோதனையின் நோக்கமே கெட்டுவிடும் என்றும் நம்புவதற்கு நியாயமான காரணங்கள் இருந்திருக்க வேண்டும். முந்தின நாள் காலையிலேயே தகவல் வந்து, இரவெல்லாம் கூடிப் பேசித் திட்டமிட்டு, மறுநாள் விடியற்காலையில் வந்தவர்கள், வாரண்ட் வாங்க நேரமில்லை என்று சொன்னால் நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

முன்பு போலீஸார் அடிக்கடி சாய்ந்துகொண்ட இரண்டு தூண்கள் இப்போது இல்லை. 1992ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 11ஆம் பிரிவு தந்த வாரண்டில்லாச் சோதனை அதிகாரத்தை, குஞ்சானா வழக்கில் 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஒரு பகுதியையே கயிறு கட்டி வளைத்து வீடு வீடாகத் தேட இடம் தந்த போலீஸ் சட்டத்தின் 13(7)(c) பிரிவும், ஜோஹன்னஸ்பர்க் நகர நடுவில் இருந்த ‘இண்டஸ்ட்ரி ஹவுஸ்’ குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2021இல், தனியார் வீடுகளைப் பொறுத்தவரை விழுந்துவிட்டது. தெருவை அடைத்துக்கொண்டு நடக்கும் பெரிய ‘ஆபரேஷன்’களில் உங்கள் வீடும் சிக்கியிருந்தால், இந்த இரண்டாவது தீர்ப்பை உங்கள் வழக்கறிஞரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பொருளை உடைத்ததும் போலீஸார்தான் என்பது உறுதியானால், அதற்குச் சட்ட அனுமதி இருந்தது என்று நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பையே சேரும்.

“உள்ளே வாருங்கள்” என்று சொல்லிவிட்டேன். உரிமை போய்விட்டதா?

சோதனைக்குச் சம்மதித்தது, சேதத்துக்குச் சம்மதித்தது ஆகாது. மேலும், துப்பாக்கி ஏந்திய எட்டுப் பேர் வாசலில் நிற்கும்போது தலையசைத்ததெல்லாம் மனமுவந்த சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம். ‘சேதம் ஏதும் இல்லை’ என்ற வரி அந்தத் தாளில் இருக்கலாம்.

வீடு மாறி வந்துவிட்டார்கள்.

சாட்ஸ்வொர்த்தில் யூனிட் எண், சாலை எண், வீட்டு எண் என்று மூன்று எண்கள். ஒட்டி நிற்கும் இரட்டை வீடுகளில் பாதி வீடு ஒருவருக்கு, மறுபாதி இன்னொருவருக்கு. பின்புறத்தில் வாடகைக்கு விடப்பட்ட அறையும் அதே எண்ணில் இருக்கும். குழப்பம் வருவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் குழப்பத்தின் விலையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. வாரண்டில் குறித்த வீட்டைத் தவிர வேறொன்றுக்குள் நுழைய அது அதிகாரம் தராது. வாரண்டை மீறியோ அதிகாரமின்றியோ சோதனையிடும் அதிகாரி நடைமுறைச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி குற்றவாளியே ஆகிறார். அந்தப் பிரிவில் எழுதியிருக்கும் அதிகபட்ச அபராதம் 600 ராண்டு, சிறை ஆறு மாதம். உடைந்த கதவின் கீல்களைக்கூட 600 ராண்டில் மாற்ற முடியாது என்றாலும், அப்படித் தண்டனை விதிக்கப்பட்டால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க அதே நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பெரும்பாலும் கைகொடுப்பது உரிமையியல் வழக்குதான்.

எதற்கெல்லாம், எவ்வளவு கேட்கலாம்?

கேட்பதற்கு அடிப்படை, சேதத்தால் உங்கள் சொத்து மதிப்பு எவ்வளவு குறைந்தது என்பது. நடைமுறையில் இது பழுதுபார்க்க நியாயமாக ஆகும் செலவு. பழுதுபார்க்க முடியாத பொருளுக்கு அதன் அன்றைய சந்தை மதிப்பு. கதவு, கதவு நிலை, பூட்டு, திருடர் கம்பி, ரிமோட் கேட்டின் மோட்டார், கூரைப் பலகை, கூரைக்குள் மிதித்ததில் உடைந்த கீசர் குழாய், அதிலிருந்து ஒழுகிய தண்ணீரில் ஊறிய மெத்தை, தரைவிரிப்பு என்று சேதம் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும். தொடர்ந்து வந்த சேதத்தையும் கேட்கலாம். ஆனால் அது அந்த உடைப்பிலிருந்துதான் வந்தது என்று காட்ட வேண்டும். கதவில்லாத வீட்டில் அன்றிரவு தங்க முடியாமல் செலவு செய்திருந்தால் அந்த ரசீதும் கணக்கில் சேரும்.

இருபது ஆண்டுப் பழைய கதவுக்குப் புதுத் தேக்குக் கதவின் விலையைக் கேட்டால், பழையதைப் புதியதாக்கிக்கொள்ளும் லாபத்தைக் கழித்துவிட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. மிகைப்படுத்திய ஒரே ஒரு வரி, மீதி ஒன்பது நேர்மையான வரிகளின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். சேதத்தைக் கட்டுக்குள் வைப்பதும் உங்கள் பொறுப்பு. ஒழுகும் குழாயை அடைக்காமல் ஆதாரத்துக்காக மூன்று வாரம் விட்டுவைத்தால், அந்த மூன்று வாரச் சேதம் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். படம் எடுங்கள், பிறகு அடையுங்கள்.

தண்டிக்கும் நோக்கத்தோடு பெருந்தொகை கேட்பதற்கு இந்நாட்டில் இடமில்லை என்பதை ஃபோஸ் வழக்கில் 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தெரிவித்துவிட்டது.

சாமி அறையைக் கலைத்துவிட்டார்கள். இதற்குக் கணக்கு உண்டா?

பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த காமாட்சி விளக்கு நெளிந்துபோனால், கடையில் அதன் விலை சில நூறு ராண்டு. சொத்துச் சேதம் என்று கேட்டால் அவ்வளவுதான் கிடைக்கும். மனத்தில் அதற்குள்ள மதிப்பு அந்தக் கணக்கில் வராது. ஆனால் இந்நாட்டுச் சட்டத்தில் மானத்துக்கும் தனிமைக்கும் இழைக்கப்பட்ட அவமதிப்புக்கென்று வேறொரு வழக்கு வழி உண்டு. சட்டவிரோதமாக நுழைந்து, வேண்டுமென்றே படங்களைக் கீழே தள்ளி, விபூதித் தட்டைக் காலால் இடறி, தடுத்தவரை ஏளனம் செய்திருந்தால், அதற்குத் தனியாகத் தொகை கேட்கலாம். சோதனை கண்ணியத்தோடும் ஒழுங்கோடும் நடக்க வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கண்டிப்பாகச் சொல்கிறது; பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

செருப்போடு சாமி அறைக்குள் வந்தார்கள் என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. அப்படி ஒரு விதி சட்டத்தில் இல்லை. ஆனால் அமைதியாகக் கேட்டுக்கொண்டால் காலணி உறையாவது மாட்டிக்கொண்டு வரும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். கேட்டதையும், அதற்கு என்ன பதில் வந்தது என்பதையும் குறித்து வையுங்கள். வேறு அத்துமீறல்களோடு சேரும்போது அது பேசும்.

போலீஸார் போன பிறகு, உடைந்த கதவு வழியாகத் திருடர் வந்துவிட்டார்கள்.

இந்தக் கேள்விக்குத் தயாரான பதில் கிடையாது. வீட்டில் யாரும் இல்லாதபோது கதவை உடைத்துத் தேடிவிட்டு, அப்படியே திறந்துபோட்டுப் போனால், அடுத்த சில மணி நேரத்தில் திருட்டு நடப்பது நம் பகுதிகளில் எதிர்பார்க்கக்கூடியதுதான். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்கும் போலீஸ் பொறுப்பாகலாம் என்பதை ஈவல்ஸ் வழக்கு 1975லேயே ஏற்றது. அபாயத்தை உண்டாக்கியவரே அதை அடைக்காமல் போனார் என்பது வலுவான வாதம். நுழைந்தது சட்டப்படியாக இருந்தாலும் இந்த வாதத்துக்கு இடம் இருக்கிறது. அதே சமயம், நீங்கள் வீட்டில் இருந்தும் இரண்டு நாள் கதவை அடைக்கவில்லை என்றால், உங்கள் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும்.

எடுத்துச் சென்ற பொருள் திரும்ப வரவில்லை, அல்லது உடைந்து வந்தது.

2021 ஜூலையில் குவாசூலு-நட்டாலில் நடந்த கலவரத்துக்கும் கொள்ளைக்கும் பிறகு போலீஸார் வீடுகளில் புகுந்து கொள்ளைப் பொருள்களைத் தேடினார்கள். ரசீது காட்ட முடியாத பொருள்கள் எடுத்துச் செல்லப்பட்டன. திருட்டுப் பொருள் என்ற நியாயமான சந்தேகம் எழுந்து, அது எப்படி வந்தது என்று திருப்திகரமாக விளக்க முடியாதிருப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 36ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் ரசீது இல்லை என்பது மட்டுமே சந்தேகம் ஆகிவிடாது. பத்தாண்டுக்கு முன் கல்யாணச் சீராக வந்த குளிர்பதனப் பெட்டிக்கு யாரிடம் ரசீது இருக்கிறது? கல்யாண ஆல்பத்தில் அந்தப் பெட்டி தெரியும் படம் போதும்.

எடுத்துச் சென்ற பொருள் நிலையத்தின் எஸ்ஏபிஎஸ் 13 என்ற பதிவேட்டில் ஏற வேண்டும். அந்த வரிசை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். குற்றவழக்கு தொடுக்கப்படவில்லை என்றால், அல்லது அப்பொருள் சாட்சியத்துக்குத் தேவையில்லை என்றால், அதைச் சட்டப்படி வைத்திருக்க உரிமையுள்ள உங்களிடமே திருப்பித் தர வேண்டும். காவலில் இருந்தபோது அவர்களின் கவனக்குறைவால் தொலைந்தாலும் உடைந்தாலும் பொறுப்பு அவர்களுடையது. எடுத்ததே சட்டவிரோதம் என்றால், யார் உண்மையான உரிமையாளர் என்ற வாதத்துக்குள் போகாமலே, முதலில் திருப்பிக் கொடு என்று கேட்கும் துரித மனு ஒன்றும் உண்டு. எஞ்சின் எண் மாற்றப்பட்டிருந்த வாகனத்தைக்கூட அந்த வழியில் திருப்பித் தரும்படி 2014இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது.

நாயைச் சுட்டுவிட்டார்கள்.

சட்டத்தின் கண்ணில் நாயும் சொத்தே. பாய்ந்து கடிக்க வந்ததா, சங்கிலியில் கட்டியிருந்ததா என்பதுதான் வழக்கு. மருத்துவச் செலவு ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் துப்பாக்கி வெடித்ததைப் பற்றிய புகார் எதுவானாலும், போலீஸைக் கண்காணிக்கும் தற்சார்பு விசாரணை இயக்ககமான ஐபிஐடி அதை விசாரிக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டுச் சட்டம். வெறும் கதவு, சன்னல் சேதம் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு நிலையத் தளபதியிடமும் மாகாண ஆணையர் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். எந்தப் புகாரும் பணம் பெற்றுத் தராது.

பின்னறையில் குடியிருந்தவரைத் தேடி வந்து என் வீட்டை உடைத்தார்கள்.

கட்டடச் சேதத்தை வீட்டு உரிமையாளர் கேட்கலாம். பொருள் சேதத்தையும் தனிமை மீறலையும் குடியிருந்தவர் கேட்கலாம். இருவரும் தனித்தனி முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். உரிமையாளருக்கு எந்தக் குற்றத்திலும் தொடர்பில்லை என்பதால் மட்டும் தொகை கிடைத்துவிடாது என்பதுதான் இந்தச் சட்டத்தின் கடுமையான பகுதி. குடியிருந்தவரின் அறைக்கு முறையான வாரண்டும் தேவையான அளவு பலமும் இருந்தால், குற்றமற்ற உரிமையாளர் தன் கைப்பணத்தில்தான் கதவு போட வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ஊருக்காக நடந்த சோதனையின் செலவை ஊர் தாங்குவதுதான் முறை. இப்போதைய சட்டம் அப்படி இல்லை.

யார் மீது வழக்குப் போடுவது?

தேசியப் போலீஸ் என்றால் காவல்துறை அமைச்சர் மீது; பணியின்போது அதிகாரி செய்த தவறுக்கு அரசு பொறுப்பு. அதிகாரிகளின் பெயர் தெரியவில்லை என்பது தடையாகாது. டர்பன் மெட்ரோ போலீஸ் என்றால் எதெக்வினி நகராட்சி மீது. முன்னறிவிப்பும் நகராட்சி மேலாளருக்குப் போகும். ராணுவத்தினர் என்றால் பாதுகாப்பு அமைச்சர். தவறான இடத்துக்கு அனுப்பிய கடிதம் காலக்கெடுவைக் காப்பாற்றாமல் போகலாம் என்பதால், சீருடையின் நிறத்தையும் வண்டியில் எழுதியிருந்ததையும் நினைவில் வையுங்கள்.

நம் பகுதிகளில் தனியார் செக்யூரிட்டி ஆட்களும் போலீஸோடு சேர்ந்தே வருகிறார்கள். வீட்டைச் சோதனையிடத் தனியாருக்குப் பொதுவான அதிகாரம் எதுவும் இல்லை. கம்பியை அறுத்தது அவர்கள் என்றால் அந்த நிறுவனமும் பிரதிவாதி. போலீஸ் உடை அணிந்து வரும் கொள்ளையரும் உண்டு. சந்தேகம் இருந்தால் கதவுக்குப் பின்னிருந்தே, “10111க்கு அழைத்து உறுதி செய்துகொள்கிறேன்” என்று உரக்கச் சொல்லிவிட்டு அழையுங்கள். அந்த அழைப்பின் நேரம், நீங்கள் எதிர்க்கவில்லை என்பதற்கும் சாட்சியாகிவிடும்.

எந்த நீதிமன்றம்? செலவு?

சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் அரசு மீது வழக்குப் போட முடியாது. பலர் முதலில் அங்கேதான் போய் நின்று திரும்புகிறார்கள். மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2,00,000 ராண்டு வரையிலும், பிராந்திய நீதிமன்றம் 4,00,000 ராண்டு வரையிலும் விசாரிக்கும். வெற்றி பெற்றால்தான் கட்டணம் என்ற ஒப்பந்தத்துக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது: வழக்கமான கட்டணத்தின் இருமடங்கு, அல்லது கிடைத்த தொகையில் கால்பங்கு, இவற்றில் எது குறைவோ அது. ஆறாயிரம் ராண்டு கதவுக்காக எந்த வழக்கறிஞரும் அப்படி வரமாட்டார். அத்தகையவர்கள் லீகல் எய்ட் அலுவலகத்தையோ குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தையோ முதலில் அணுகலாம்.

என்ன ஆதாரம் சேர்க்க வேண்டும்?

பெருக்குவதற்கு முன் படம் எடுங்கள். நம் வீட்டுப் பெண்கள் அலங்கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல் அரைமணியில் எல்லாவற்றையும் அடுக்கித் துடைத்துவிடுவார்கள். ஆதாரமும் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். முதலில் ஒவ்வொரு அறையையும் வாசலிலிருந்து சுற்றி வீடியோ எடுத்து, பிறகு ஒவ்வொரு சேதத்தையும் கிட்டத்திலிருந்து எடுங்கள். உடைந்த பூட்டையும் அறுத்த கம்பியையும் எறியாமல் வையுங்கள். அண்டை வீட்டு சிசிடிவி பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும். அன்றே கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று இடங்களில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். அதிகாரிகளின் பெயர், வண்டி எண், நிலையம், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதித் தேதியிட்டு வையுங்கள். நிலையத்தின் சம்பவப் பதிவேட்டில் என்ன எழுதப்பட்டது என்பதை 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின்படி கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்காகக் காத்திருந்து ஆறு மாதத்தை இழந்துவிட வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் தருமா?

உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அரசு அதிகாரத்தால் ஏற்படும் இழப்பை விலக்கும் ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் பணம் கொடுத்துவிட்டால், அரசிடம் கேட்கும் உரிமை உங்கள் பெயரில் அவர்கள் கைக்குப் போகும்.

மகன் மீது குற்றவழக்கு நடக்கிறது. இப்போதே நஷ்டஈடு கேட்கலாமா?

கேட்கலாம்; கெடு குற்றவழக்குக்காக நிற்காது. ஆனால் முன்னறிவிப்பிலோ சத்தியப் பிரமாண வாக்குமூலத்திலோ எழுதும் ஒவ்வொரு வரியையும் அரசு வழக்கறிஞர் படிப்பார். ‘அந்தப் பை எங்கள் அறையில்தான் இருந்தது’ என்று பெருந்தன்மையாக எழுதிய ஒரு வாக்கியம் மகனுக்கு எதிராகத் திரும்பிவிடக்கூடும். குற்றவழக்கைப் பார்க்கும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கடிதத்தை அனுப்புங்கள்.

சம்பவத்தைப் பார்த்தது பாட்டி மட்டும்தான். அவருக்குத் தமிழ்தான் தடையில்லாமல் வரும்.

அவரைத் தமிழிலேயே சொல்லச் செய்து, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். பிறகு மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரும் தனியாக ஒரு வாக்குமூலம் இணைக்கட்டும். உறுதிமொழி வாங்கும் அதிகாரி, எழுதியிருப்பது அவருக்குப் புரிந்ததா என்று கேட்டாக வேண்டும். அவசரத்தில் ஆங்கிலத் தாளில் கைநாட்டு வைக்கவிட்டால், குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அந்தத் தாள்தான். வழக்கு விசாரணைக்கு வந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும். தமிழ் தேவை என்பதை உங்கள் தரப்பு முன்கூட்டியே பதிவாளரிடம் எழுதிக் கொடுத்தால், ஆள் கிடைக்கவில்லை என்று விசாரணை தள்ளிப்போவதைத் தவிர்க்கலாம். தமிழின் பெயர் இந்நாட்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவிலேயே, மதிப்பளித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் இருக்கிறது. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.